ஐரோப்பாவில் யூத வெறுப்பு: வட்டிதான் காரணமா?

கேள்வி இது: "ஐரோப்பாவில் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் யூதர்களை விரட்டியிருக்கிறார்கள். வட்டிக்கு விட்டு மக்களைச் சுரண்டியதால்தான் அந்த வெறுப்பு வந்தது என்கிறார்களே, சரியா? ஹிட்லர் செய்தது அதன் தொடர்ச்சியா, இல்லை தனிப் பைத்தியக்காரத்தனமா? இப்போது எல்லாம் முடிந்துவிட்டதா?"

வட்டியிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் இந்த விஷயத்தைப் பேசுகிற பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள், பலர் அங்கேயே முடித்தும் விடுகிறார்கள். யூதர்களில் சிலர் வட்டித்தொழில் செய்தது உண்மை. ஆனால் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை தலைகீழாகிவிடும்.

ஐரோப்பாவில் யூதர்கள் திடீரென்று வந்து இறங்கியவர்கள் இல்லை. ரோமப் பேரரசின் காலத்திலேயே அங்கே இருந்தவர்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில் யூதர்களை நகர மன்றப் பொறுப்புகளுக்கு அழைக்கலாம் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட ஆணை கி.பி. 321ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அடுத்த பல நூறு ஆண்டுகள் அவர்கள் வணிகர்களாக, கைவினைஞர்களாக, மருத்துவர்களாக வாழ்ந்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ட்ராய் நகரில் வாழ்ந்த பெரும் உரையாசிரியர் ராஷியின் எழுத்துகளில் திராட்சைத் தோட்டமும் ஒயின் தயாரிப்பும் திரும்பத் திரும்ப வரும். அக்கம்பக்கத்து யூதர்கள் பலர் அந்தத் தொழிலில் இருந்தார்கள் என்பதால்தான்.

இவர்களோடு சேர்ந்தே ஒரு மதக் குற்றச்சாட்டும் வாழ்ந்துகொண்டிருந்தது: இயேசுவைக் கொன்றவர்கள் யூதர்கள், அந்தப் பழி அவர்கள் சந்ததி முழுவதற்கும் உண்டு என்பது. சிலுவையில் அறைந்து கொல்வது ரோமானியத் தண்டனை, உத்தரவிட்டவர் ரோமானிய ஆளுநர் பிலாத்து, இயேசுவே யூதர்தான் என்பதெல்லாம் அந்தக் குற்றச்சாட்டின் முன் எடுபடவில்லை. திருச்சபையின் பெரிய சிந்தனையாளரான அகஸ்டின் ஒரு நடுவழி சொன்னார்: யூதர்களைக் கொல்லக் கூடாது, அவர்கள் பழைய வேதத்துக்குச் சாட்சிகள், ஆனால் தாழ்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும். இந்தக் கொள்கை பல நூற்றாண்டுகள் அவர்களுடைய உயிரைக் காப்பாற்றியது. அதே கொள்கைதான் அவர்களை எப்போதும் கீழே அழுத்தி வைக்கவும் அனுமதி கொடுத்தது.

கிறிஸ்தவ ஐரோப்பாவில் முதல் பெரிய படுகொலை அலை 1096இல் நடந்தது. ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்க முதலாம் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டங்களில் சில, தூரத்தில் இருக்கும் எதிரியைத் தேடிப் போகும்முன் பக்கத்தில் இருக்கும் 'கிறிஸ்துவின் எதிரிகளை' முடிப்போம் என்று ரைன் நதிக்கரை நகரங்களுக்குள் புகுந்தன. ஸ்பெயர், வோர்ம்ஸ், மைன்ஸ் என்று வரிசையாக. வோர்ம்ஸில் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள், மைன்ஸில் இன்னும் அதிகம். மதம் மாற மறுத்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கொன்றுவிட்டுத் தாங்களும் செத்தார்கள். அப்போது வட்டித்தொழில் யூதர்களின் முக்கியத் தொழிலாகவே ஆகியிருக்கவில்லை. கொல்ல வந்தவர்கள் கடனைப் பற்றிப் பேசவில்லை, ஞானஸ்நானம் பெறுகிறாயா சாகிறாயா என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் ஸ்பெயரில் ஏன் 11 பேரோடு நின்றது? அந்த நகரத்து ஆயர் யோகான் படையோடு வந்து யூதர்களைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார், கொலையில் ஈடுபட்ட சிலருடைய கையை வெட்டினார். மைன்ஸில் பேராயரின் மாளிகையில்தான் யூதர்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அங்கே நகரக் கதவு திறந்துவிடப்பட்டது, பேராயர் ஓடிவிட்டார். இந்த வரலாறு முழுவதிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். மக்களின் வெறுப்பு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அது கொலையாக மாறியதா இல்லையா என்பதை, மேலே இருந்தவர் என்ன முடிவெடுத்தார், அதில் அவருக்கு என்ன கிடைத்தது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது.

சரி, வட்டி எப்படி வந்தது? நிலம் பெறுவதற்குப் பிரபுவிடம் கிறிஸ்தவ முறைப்படி சத்தியம் செய்ய வேண்டும். கைத்தொழில் செய்யத் தொழிற்சங்கத்தில் சேர வேண்டும், அந்தச் சங்கங்களோ ஒரு புனிதரின் பெயரில் இயங்கிய கிறிஸ்தவச் சகோதரத்துவங்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டு கதவுகளும் ஒவ்வொன்றாக மூடின. அதே காலத்தில் கிறிஸ்தவர்கள் வட்டி வாங்கக் கூடாது என்று திருச்சபை கடுமையாகச் சொன்னது. ஆனால் கோயில் கட்டவும் போருக்குப் போகவும் எல்லோருக்கும் கடன் தேவைப்பட்டது, மடாலயங்களுக்கும்கூட. திறந்திருந்த ஒரே கதவு வழியாக யூதர்கள் போனார்கள். அந்தக் கதவின் சாவி அரசரிடம் இருந்தது.

இதை இங்கிலாந்தில்தான் மிகத் தெளிவாகப் பார்க்க முடியும், ஏனென்றால் அங்கே கணக்குப் புத்தகங்கள் தப்பித்திருக்கின்றன. 1066க்குப் பிறகு நார்மன் அரசர்களோடு பிரான்சிலிருந்து வந்த சிறு சமூகம் அது. சட்டப்படி யூதர்களும் அவர்களுடைய உடைமைகளும் அரசருக்குச் சொந்தம். லிங்கன் நகரத்து ஆரோன் என்பவர் நாட்டின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். அவர் 1186இல் இறந்தபோது சொத்து, கடன் பத்திரம் எல்லாவற்றையும் அரசர் இரண்டாம் ஹென்றி எடுத்துக்கொண்டார். அந்தக் கடன்களை வசூலிப்பதற்காகவே கருவூலத்தில் தனிப் பிரிவு திறக்க வேண்டியிருந்தது. அதாவது யூதர் ஊராரிடம் வசூலிப்பார், அரசர் யூதரிடம் வரியாகவும் அபராதமாகவும் வசூலிப்பார், திட்டு மட்டும் யூதருக்கு. கறவை மாடு மாதிரி வைத்துக் கறந்தார்கள். பால் வற்றியதும் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1190 மார்ச்சில் யார்க் நகரில் கலவரம் வெடித்தது. யூதக் குடும்பங்கள் அரசரின் கோட்டைக் கோபுரத்துக்குள் ஒளிந்தன. முற்றுகையை நடத்தியவர்களில் முன்னணியில் இருந்த ரிச்சர்ட் மாலபிஸ் என்பவர் யூதர்களிடம் பெருங்கடன் பட்டவர். உள்ளே இருந்த சுமார் 150 பேரில் பெரும்பாலோர் தற்கொலை செய்துகொண்டார்கள். மதம் மாறுகிறோம், உயிரோடு விடுங்கள் என்று வெளியே வந்தவர்களையும் வெட்டினார்கள். அடுத்து கும்பல் நேராக எங்கே போனது என்று பாருங்கள்: பெரிய தேவாலயத்துக்கு. கடன் பத்திரங்கள் அங்கேதான் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் தேவாலயத்துக்குள்ளேயே போட்டுக் கொளுத்தினார்கள். அரசர் ரிச்சர்டுக்கு இதில் பெரிய கோபம், ஏனென்றால் எரிந்தது அவருடைய வருமானம். சில ஆண்டுகளில் ஒவ்வொரு முக்கிய நகரத்திலும் கடன் பத்திரங்களின் பிரதியை வைக்க அரசுப் பெட்டகம் ஏற்பாடானது. அடுத்த முறை யூதர்கள் செத்தாலும் கடன் சாகாது.

பிறகு நூறு ஆண்டுகள் கறந்தார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் திருச்சங்கம் யூதர்கள் உடையிலேயே வேறுபடுத்தித் தெரிய வேண்டும் என்றது. இங்கிலாந்து அதை 1218இலேயே நடைமுறைப்படுத்தி, துணிப்பட்டை ஒன்றை நெஞ்சில் தைக்க வைத்தது. 1275இல் அரசர் முதலாம் எட்வர்டு யூதர்கள் வட்டி வாங்குவதையே தடை செய்தார். விவசாயம், வணிகம் செய்யுங்கள் என்றார், ஆனால் அதற்குத் தேவையான உரிமைகளைக் கொடுக்கவில்லை. 1278இல் நாணயங்களின் ஓரத்தை வெட்டி வெள்ளியைத் திருடினார்கள் என்று குற்றம் சாட்டி நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்து, லண்டனில் மட்டும் 250க்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். ஒருபக்கம் வட்டித் தடைச் சட்டம் போட்ட அதே எட்வர்டின் மனைவி ராணி எலினோர், யூதர்களிடம் இருந்த கடன் பத்திரங்களைக் கைக்கு மாற்றி, கடன் கட்ட முடியாதவர்களின் நிலங்களைத் தனக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார். பேராயரே அவரை எச்சரித்துக் கடிதம் எழுதும் அளவுக்கு அது நாறியது. 1290 ஜூலை 18 அன்று வெளியேற்ற ஆணை வந்தது. நவம்பர் 1க்குள் எல்லா யூதர்களும் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அதே சமயத்தில் நாடாளுமன்றம் அரசருக்குப் பெரிய வரி ஒன்றை ஒப்புக்கொண்டது. போனவர்கள் எத்தனை பேர்? அதிகபட்சம் 3,000.

அவர்கள் போனதும் இங்கிலாந்தில் வட்டி ஒழிந்ததா? எட்வர்டுக்கு இத்தாலியின் லூக்கா நகரத்து ரிக்கார்டி வங்கியாளர்கள் ஏற்கெனவே பெரும் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நல்ல கத்தோலிக்கர்கள். பிரான்சின் காவோர் நகரத்துக்காரர்கள், வட இத்தாலியின் லொம்பார்டியர்கள் என்று கிறிஸ்தவ வட்டிக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களையும் மக்கள் திட்டினார்கள், அரசர்கள் ஏமாற்றினார்கள், சில சமயம் நாடு கடத்தினார்கள். ஆனால் குழந்தையைக் கொன்று ரத்தம் எடுப்பவர்கள் என்று அவர்களைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை. வட்டி மட்டுமே காரணம் என்பவர்கள் இந்த இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். 1656 வரை இங்கிலாந்தில் வெளிப்படையாக வாழும் யூதர்களே கிடையாது. ஷைலக் என்ற யூத வட்டிக்காரப் பாத்திரத்தை ஷேக்ஸ்பியர் எழுதியது இடைப்பட்ட அந்தக் காலத்தில்தான். ஆள் போய் 300 ஆண்டுகள் ஆகியும் உருவம் மட்டும் மேடையில் இருந்தது.

அந்த ரத்தக் கதையின் தொடக்கமும் இங்கிலாந்துதான். 1144இல் நார்விச் நகருக்கு வெளியே காட்டில் வில்லியம் என்ற சிறுவனின் சடலம் கிடைத்தது. யார் கொன்றார்கள் என்பது இன்றுவரை தெரியாது. சில ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு வந்த மன்மத்தைச் சேர்ந்த தாமஸ் என்ற துறவி, யூதர்கள் அவனைச் சிலுவையில் அறைந்து கொன்றார்கள் என்று நூலே எழுதினார். சிறுவன் புனிதன் ஆனான், கல்லறைக்கு யாத்திரிகர்கள் வந்தார்கள், தேவாலயத்துக்குக் காணிக்கை வந்தது. 1235இல் ஜெர்மனியின் ஃபுல்டாவில் கதையில் ரத்தமும் சேர்ந்தது: யூதர்களின் பஸ்கா பண்டிகைக்குக் கிறிஸ்தவக் குழந்தையின் ரத்தம் வேண்டுமாம். யூத உணவு விதிகளைக் கொஞ்சமாவது அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபத்தம் என்று தெரியும். ஆட்டிறைச்சியைக்கூட உப்பில் ஊறவைத்து ரத்தம் முழுவதையும் இறக்கிய பிறகே சமைப்பார்கள். பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் இதை விசாரிக்க, யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்தார். அவர்களுக்குப் பழைய மதத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்களும் இது பொய் என்றார்கள். 1247இல் போப் நான்காம் இன்னசென்டும் பொய் என்று எழுதினார். பயன் இல்லை. 1475இல் இத்தாலியின் டிரெண்ட் நகரில் சீமோன் என்ற குழந்தை இறந்ததற்காக அந்த ஊர் யூத ஆண்களைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்தக் குழந்தையின் புனித வழிபாட்டைத் திருச்சபை நிறுத்தியது 1965இல்.

கறுப்பு மரணம் என்ற கொள்ளைநோய் வந்தபோது கதை இன்னொரு வடிவம் எடுத்தது: யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்தார்கள். 1348இல் சவோய் பகுதியில் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்கள் நகரத்துக்கு நகரம் கடிதமாகப் போயின. போப் ஆறாம் கிளெமென்ட் எளிமையான ஒரு தர்க்கம் வைத்தார். இந்த நோயில் யூதர்களும் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் பரவுகிறது, பிறகு எப்படி என்று. அதற்கும் காது கேட்கவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் நகர மன்றம் குற்றச்சாட்டை நம்ப மறுத்தது. தொழிற்சங்கங்கள் அந்த மன்றத்தையே கவிழ்த்துப் புதிய மன்றத்தை அமைத்தன. 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்களை அவர்களுடைய இடுகாட்டுக்கு இழுத்துப் போய் மரமேடை கட்டி எரித்தார்கள். அப்போது ஸ்ட்ராஸ்பர்க்குக்குக் கொள்ளைநோய் இன்னும் வந்து சேரவே இல்லை! கடன் பத்திரங்களும் அடகுப் பொருள்களும் கடனாளிகளுக்குத் திரும்பின, ரொக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யூதர்களைக் கொன்ற விஷம் அவர்களுடைய பணம்தான் என்ற பொருளில் அந்த ஊர்க் கிறிஸ்தவ வரலாற்றெழுத்தாளரே எழுதிவைத்திருக்கிறார்.

நியூரம்பர்க் இன்னும் மோசம். யூதர்களுக்குப் பாதுகாவலராக இருக்க வேண்டிய ஜெர்மானிய அரசர் நான்காம் சார்லஸ், அங்கே யூதர்கள் கொல்லப்படும் பட்சத்தில் அவர்களுடைய சிறந்த வீடுகள் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். யூதர் தெருவை இடித்துச் சந்தைச் சதுக்கம் அமைக்க நவம்பரில் அனுமதி தந்தார். டிசம்பர் 5 அன்று 500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் அன்னை மரியாவுக்கு ஆலயம் எழுந்தது. சுற்றுலாப் பயணிகள் இன்று கிறிஸ்துமஸ் சந்தைக்காகக் கூடுகிற அதே சதுக்கம் அது. 1930களில் நாஜிகள் அதற்கு ஹிட்லரின் பெயரை வைத்து அணிவகுப்பு நடத்தினார்கள்.

பிரான்சிலும் இதே கணக்கு. நான்காம் ஃபிலிப் 1306இல் யூதர்களை விரட்டிவிட்டு அவர்களுக்கு வர வேண்டிய கடன்களைத் தானே வசூலித்தார். 1315இல் திரும்பக் கூப்பிட்டார்கள், 1394இல் மறுபடி துரத்தினார்கள். விரட்டப்பட்டவர்களில் பெருந்தொகையினர் கிழக்கே போலந்துக்குப் போனார்கள். 1264இலேயே கலிஷ் சாசனம் மூலம் அங்கே அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. பிற்காலத்தில் உலக யூதர்களில் மிகப் பெரும்பகுதி போலந்து, லிதுவேனியா, உக்ரைன் பகுதிகளில் ஏன் இருந்தார்கள் என்பதற்கு விடை இதுதான்.

ஸ்பெயினுக்கு வந்தால் வட்டிக் காரணம் முற்றாக உடைந்துவிடுகிறது. 1391இல் செவில் நகரில் தொடங்கிய கலவரம் நாடு முழுவதும் பரவி, உயிர் தப்ப ஆயிரக்கணக்கான யூதர்கள் கிறிஸ்தவர்களானார்கள். மதம்தான் பிரச்சினை என்றால் இதோடு முடிந்திருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், மதம் மாறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது எல்லாப் பதவிக்கும் போட்டியிடலாம் என்பதே புதிய எரிச்சலானது. 1449இல் டொலேடோ நகரம் யூத வம்சாவளியில் வந்த கிறிஸ்தவர்கள் நகரப் பதவி வகிக்கக் கூடாது என்று ஆணை போட்டது. தூய ரத்தம் என்ற கொள்கை பிறந்தது இப்படித்தான். போப் ஐந்தாம் நிக்கோலஸ் கண்டித்தார். ஆனாலும் அடுத்த நூற்றாண்டில் மடங்கள், கல்லூரிகள், படைத்துறைச் சபைகள் என்று அது பரவியது. நம் ஊரில் இதற்கு விளக்கமே தேவையில்லை என்று நினைக்கிறேன். மதம் மாறினாலும் பிறப்பு பின்னாலேயே வரும் என்பதை நாம் நன்றாகவே அறிவோம்.

1492 மார்ச் 31 அன்று வெளியேற்ற ஆணை. போர்ச்சுகலுக்கு ஓடியவர்களை 1497இல் வலுக்கட்டாயமாக மதம் மாற்றினார்கள், 1506இல் லிஸ்பனில் அப்படி மாறியவர்களைக் கும்பல் கொன்றது. மதத்திலிருந்து வழுவியவர்களைத் தேடித் தண்டித்த திருச்சபையின் விசாரணை மன்றம் அவர்களைக் கடல் தாண்டியும் துரத்தியது. 1560இல் கோவாவில் அதன் கிளை திறந்தது. கொச்சியில் மட்டும் ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுக்க, அங்கே 1568இல் எழுந்த பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. ஐபீரிய அகதிகளின் வாரிசுகள் சிலர் லண்டன் வழியாகச் சென்னைக்கும் வந்து சேர்ந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜார்ஜ் கோட்டையில் மத்தியதரைக்கடல் பவளத்தைக் கொடுத்து கோல்கொண்டா வைரம் வாங்கிய வணிகர்கள் அவர்கள். இன்னொரு பெருங்கூட்டம் துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த சலோனிகா துறைமுகத்தில் குடியேறி, 400 ஆண்டுகளுக்கு மேல் பழைய ஸ்பானிய மொழியையே வீட்டில் பேசி வாழ்ந்தது. அவர்களுடைய கதை 1943இல் முடிந்தது. சில மாதங்களில் 45,000க்கும் மேற்பட்டோரை நாஜிகளின் மரண முகாமான ஆஷ்விட்சுக்கு ரயிலேற்றினார்கள்.

1516இல் வெனிஸ் யூதர்களை ஒரு தீவுப் பகுதியில் அடைத்து இரவில் கதவைப் பூட்டியது. ரோமில் போப் நான்காம் பவுல் 1555இல் அதையே செய்தார், அங்கே அந்தச் சுவர்க்குடியிருப்பு 1870 வரை நீடித்தது. கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தமும் கைகொடுக்கவில்லை. 1523இல் யூதர்களைக் கனிவாக நடத்தச் சொன்ன மார்ட்டின் லூதர், அவர்கள் தன் பக்கம் வரவில்லை என்றதும் 1543இல் தொழுகைக்கூடங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள் என்று எழுதினார். நாஜிப் பத்திரிகையாசிரியர் யூலியஸ் ஸ்ட்ரைக்கர் 1946இல் போர்க்குற்றங்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் குற்றவாளிக் கூண்டில் நின்று, லூதர் உயிரோடு இருந்தால் அவரும் இங்கே என் இடத்தில் இருந்திருப்பார் என்ற வாதத்தையே வைத்தார்.

பிரெஞ்சுப் புரட்சி 1791இல் யூதர்களுக்குச் சம குடியுரிமை கொடுத்தது. ஜெர்மனி முழுவதும் அது கிடைக்க 1871 ஆனது. இதோடு வெறுப்பு தணிந்திருக்க வேண்டும் அல்லவா? மாறாக, அது வேறு உடை போட்டுக்கொண்டது. முன்பு யூதர் ஒதுங்கி வாழ்கிறார் என்று குறை, இப்போது எங்கும் கலந்துவிட்டார் என்று குறை. வங்கியிலும் இருக்கிறார், புரட்சிக் கட்சியிலும் இருக்கிறார். முதலாளித்துவமும் அவர் சதி, கம்யூனிசமும் அவர் சதி. 1879இல் வில்ஹெல்ம் மார் என்ற பத்திரிகையாளர் யூத எதிர்ப்புக்கென்றே ஜெர்மனியில் சங்கம் தொடங்கினார். பிரச்சினை மதத்தில் இல்லை, இனத்தில் இருக்கிறது என்பது இவர்களுடைய வாதம். அதே ஆண்டு வரலாற்றுப் பேராசிரியர் டிரைட்ஷ்கே "யூதர்கள் நம் துரதிர்ஷ்டம்" என்று எழுதினார். தெருப் போக்கிரியின் பேச்சைப் பேராசிரியர் பேசியதும் அதற்கு மரியாதை வந்துவிட்டது. வியன்னாவில் கார்ல் லூகர் யூத எதிர்ப்பை வைத்தே 1897இல் மேயராகி, 1910இல் சாகும்வரை பதவியில் இருந்தார். வேலையில்லாத இளைஞனாக ஹிட்லர் அந்த நகரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது அப்போதுதான்.

இருந்தும் 1900வாக்கில், யூதர்களுக்கு எந்த நாட்டில் பேராபத்து வரும் என்று கேட்டிருந்தால் யாரும் ஜெர்மனியைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ரஷ்யாவைச் சொல்லியிருப்பார்கள், சிலர் பிரான்சைச் சொல்லியிருப்பார்கள். பிரான்சில் யூத ராணுவ அதிகாரி ஆல்ஃபிரட் டிரைஃபஸ் செய்யாத உளவு வேலைக்காக 1894இல் தண்டிக்கப்பட்டார். உண்மைக் குற்றவாளி எஸ்டர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரி என்று தெரிந்த பிறகும் ராணுவம் ஆவணங்களைப் போலியாக உருவாக்கி மூடி மறைத்தது. 1898இல் நாவலாசிரியர் எமில் ஜோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் நாட்டையே இரண்டாகப் பிளந்தது. 1906இல்தான் டிரைஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. ரஷ்யாவில் நிலைமை இன்னும் கீழே. யூதர்கள் பேரரசின் மேற்கு எல்லை மாகாணங்களில் மட்டுமே வாழலாம் என்று 18ஆம் நூற்றாண்டிலிருந்தே கட்டுப்பாடு. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தையல்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், வண்டிக்காரர்கள், சில்லறை வியாபாரிகள். அன்றாடம் காய்ச்சிகள். அவர்களை எந்த வட்டிக்காக அடித்தார்கள்? 1881இல் ஜார் மன்னர் கொல்லப்பட்டதும் கலவர அலை, 1903இல் கிஷினேவில் 49 பேர் கொலை. முதல் உலகப் போருக்கு முன்பே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே கப்பலேறினார்கள், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது உக்ரைனில் மேலும் பல பத்தாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையான ஹோலோகாஸ்டின் நிழலில் அந்தக் கொலைகளை உலகம் ஏறக்குறைய மறந்தேவிட்டது.

இப்போது ஹிட்லர் கேள்வி. தொடர்ச்சியும் உண்டு, முறிவும் உண்டு. முதல் உலகப் போரில் சுமார் ஒரு லட்சம் ஜெர்மானிய யூதர்கள் படையில் சேர்ந்தார்கள், 12,000 பேர் இறந்தார்கள். போர் நடக்கும்போதே, 1916இல், யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் ஏய்க்கிறார்களா என்று ராணுவம் கணக்கெடுத்தது. முடிவை வெளியிடவில்லை. வெளியிடாத கணக்கு வதந்திக்கு எவ்வளவு தீனி போடும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். தோல்வி, பணவீக்கம், வேலையின்மை என்று வரிசையாக வந்தன. ஆனாலும் 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். 1932 ஜூலையில் 37.3 சதவீதம். நான்கு ஆண்டுகளில் மக்கள் புதிதாக யூத வெறுப்பைக் கற்றுக்கொள்ளவில்லை. பொருளாதாரம் சரிந்தது, வெறுப்பைத் தலையாய கொள்கையாக வைத்திருந்த கட்சியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கோடிக்கணக்கானோர் முடிவு செய்தார்கள். 1933 ஜனவரியில் பழமைவாதத் தலைவர்கள் ஹிட்லரைக் கட்டுப்படுத்திவிடலாம் என்று நம்பி ஆட்சியில் உட்கார வைத்தார்கள். அப்போது ஜெர்மனியில் யூதர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை.

பழைய ஆயுதங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடை முற்றுகை, பதவி நீக்கம், தொழில் தடை, நெஞ்சில் அடையாளம், பூட்டிய குடியிருப்பு. 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் தொழுகைக்கூடங்களை எரித்து, கடைகளை நொறுக்கி, சுமார் 30,000 ஆண்களை முகாம்களில் அடைத்தபின், சேதத்துக்கு யூதர்களே 100 கோடி மார்க் அபராதம் கட்ட வேண்டும் என்றது அரசு. காப்பீட்டுப் பணத்தையும் அரசே எடுத்துக்கொண்டது. 1190க்குப் பிந்தைய இங்கிலாந்து அரசர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்திருக்கும்.

முறிவு எங்கே என்றால், தப்பிக்கும் வழிகளை அடைத்ததில். 1096இல் ஞானஸ்நானம் பெற்றவர் பிழைத்தார். 1290இல் கப்பலேறியவர் பிழைத்தார். 1935 நியூரம்பர்க் சட்டம் தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர் என்றால் நீயும் யூதர் என்றது. ரத்தத்தில் எந்த வேறுபாடும் கண்டுபிடிக்க முடியாததால், அந்தத் தாத்தா பாட்டி எந்த மதச் சபையில் பதிவாகியிருந்தார்கள் என்பதைத்தான் கடைசியில் பார்த்தார்கள். அதற்கு ஆதாரம் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள். இன அறிவியல் என்று முழங்கியவர்கள் பங்குத்தந்தையின் நோட்டுப்புத்தகத்தை நம்பி ஆட்சி செய்தார்கள். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியாக வாழ்ந்த தத்துவ அறிஞர் எடித் ஸ்டைன், யூதராகப் பிறந்ததால் 1942 ஆகஸ்ட்டில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். நாட்டைவிட்டுப் போகலாம் என்றாலும் போக்கிடம் இல்லை. 1938 ஜூலையில் பிரான்சின் எவியனில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்தன, டொமினிகன் குடியரசு தவிர ஏறக்குறைய யாரும் கதவைத் திறக்கவில்லை.

1941 ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்ததும் கூட்டுக்கொலை தொடங்கியது. கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தாக்கில் செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 பேர். இந்த எண் கொன்றவர்களே பெர்லினுக்கு அனுப்பிய அறிக்கையில் இருப்பது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே மாளிகையில் துறைச் செயலாளர்கள் கூடி வேலையைப் பங்கிட்டபோது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது, ரயிலும் கோப்பும்தான் பாக்கி. மொத்தம் சுமார் 60 லட்சம் பேர் இறந்தார்கள், அதில் பாதி போலந்து யூதர்கள். ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்க் கைகள் உதவின. பாரிசில் 1942 ஜூலையில் சுமார் 13,000 பேரைச் சுற்றி வளைத்தது பிரெஞ்சுக் காவல்துறை. உதவ மறுத்த இடங்களில் எண்ணிக்கையே மாறியது. டென்மார்க்கில் 1943 அக்டோபரில் மீனவப் படகுகளில் 7,000க்கும் மேற்பட்டோரை ஸ்வீடனுக்குக் கடத்தினார்கள். பல்கேரியா தன் சொந்த எல்லைக்குள் இருந்த சுமார் 48,000 பேரை அனுப்பாமல் நிறுத்தியது. ஆனால் தான் ஆக்கிரமித்த திரேஸிலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் 11,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்துக் கொடுத்தது. ஒரே அரசு, இரண்டு முடிவுகள்.

முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போர் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, 1946 ஜூலை 4 அன்று, போலந்தின் கீல்ட்சே நகரில் காணாமல் போய்த் திரும்பிய சிறுவன் ஒருவன், யூதர்கள் தன்னை அவர்களுடைய கட்டடத்தின் நிலவறையில் அடைத்து வைத்திருந்தார்கள் என்றான். அந்தக் கட்டடத்தில் நிலவறையே கிடையாது. 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள், முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பியவர்களும் அதில் உண்டு. 1144இல் நார்விச்சில் தொடங்கிய கதை அது. 1953இல் ஸ்டாலின் கிரெம்ளின் மருத்துவர்கள் மீது, பெரும்பாலும் யூதர்கள், தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டினார். அவர் இறந்த அடுத்த மாதமே வழக்கு இட்டுக்கட்டியது என்று அரசு ஒப்புக்கொண்டது. கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இயேசுவின் மரணத்துக்கு யூதர் எல்லோரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று அறிவித்தது. பெரிய மாற்றம்தான் அது, மிகத் தாமதமாக வந்தாலும். இந்த நூற்றாண்டில் துலூஸ் பள்ளியில் 2012இல், பாரிஸ் மளிகைக்கடையில் 2015இல், யூதர்கள் என்பதற்காகவே சுட்டுக் கொன்றார்கள். 2019 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில் தொழுகைக்கூடத்தின் கதவு உறுதியாக இருந்ததால் உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள், வெளியே இருவர் செத்தார்கள்.

இஸ்ரேல் அரசைக் கண்டித்தால் யூத வெறுப்பாகிவிடுமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஆகாது. எந்த அரசையும் அதன் செயலுக்காகக் கண்டிக்கலாம், பாலஸ்தீனர்களின் துயரத்தைப் பேசுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அந்த அரசின் செயலுக்குப் பாரிசில் ரொட்டி வாங்கப் போன யூதர் பதில் சொல்ல வேண்டும் என்னும்போதும், அந்தக் கண்டனத்துக்குள் பழைய சதிக்கதைகள் வந்து உட்காரும்போதும்தான் சிக்கல்.

அந்தச் சதிக்கதைகள் தமிழிலும் ஓடுகின்றன. யூதப் பெரியவர்களின் ரகசியத் திட்டம் என்ற பெயரில் 1903இல் ரஷ்யப் பத்திரிகையில் வந்த ஆவணம், 1864இல் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து மொரீஸ் ஜோலி எழுதிய பிரெஞ்சு நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியது என்று லண்டன் டைம்ஸ் 1921இலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டிவிட்டது. மூல நூலில் யூதர்களைப் பற்றிய சதியே கிடையாது. இன்னொன்று, காணொளிகளில் நீங்களே கேட்டிருப்பீர்கள்: நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு யூத வங்கியாளர் நேதன் ரோத்ஸ்சைல்ட் லண்டன் பங்குச்சந்தையையே வளைத்துப் போட்டார் என்ற கதை. அது பிரபலமானது போர் நடந்து 31 ஆண்டுகள் கழித்து, 1846இல் பாரிசில் 'சாத்தான்' என்ற புனைபெயரில் வந்த துண்டுநூல் மூலம். நேதன் போர்க்களத்தில் நின்று பார்த்துவிட்டு, புயலில் கடல் தாண்டி லண்டனுக்கு விரைந்தார் என்கிறது அது. அவர் அந்தப் போர்க்களத்துப் பக்கமே போகவில்லை. 1940இல் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் அமைச்சகம் அதே கதையைத் திரைப்படமாக எடுத்தது. இன்று தமிழில் சுற்றுவது ஏறக்குறைய அந்தப் படத்தின் கதைதான்.